மின்புலத்தால் ஈஸ்ட் செல்களைப் பிடிப்பது எப்படி: முதலில் தண்ணீரை அளந்துகொள்ளுங்கள்

இந்தக் குறிப்பைப் படித்துவிட்டு உங்கள் மேசையில் செய்து பார்க்க வேண்டிய வேலை ஒன்றுதான். உயிருள்ள ஈஸ்ட் செல்களும் இறந்த ஈஸ்ட் செல்களும் கலந்த நீர்மம் ஒரு மெல்லிய சேனலில் ஓடுகிறது. ஃபங்ஷன் ஜெனரேட்டரில் அவுட்புட் பொத்தானை அழுத்தியதும் உயிருள்ளவை எலக்ட்ரோடின் விளிம்பில் போய் நின்றுவிடும். இறந்தவை ஓட்டத்தோடு வெளியே போகும். பொத்தானை அணைத்தால் பிடிபட்டவையும் கிளம்பிவிடும். தொட்டுப் பிடிக்க எந்தக் கருவியும் இல்லை, வடிகட்டி இல்லை, காந்தத் துகள் இல்லை. மின்புலம் மட்டும்தான்.

இதற்கு டைஎலக்ட்ரோஃபோரெசிஸ் என்று பெயர். ஆய்வகத்தில் டி.இ.பி. என்று சுருக்கிச் சொல்வோம். ஹெர்பர்ட் போல் என்ற அமெரிக்க விஞ்ஞானி 1951இல் இந்தப் பெயரை வைத்தார். 1966இல் அவரும் ஹாக் என்பவரும் உயிருள்ள ஈஸ்ட்டையும் இறந்த ஈஸ்ட்டையும் இதே முறையில் பிரித்துக் காட்டினார்கள். அதையேதான் இப்போது ஒரு கண்ணாடிச் சில்லின் மேல் செய்யப் போகிறோம். ஈஸ்ட் மலிவு, ஆபத்தில்லை, ஏறத்தாழ 5 மைக்ரோமீட்டர் அளவு இருப்பதால் 20 மடங்கு லென்ஸிலேயே தெளிவாகத் தெரியும். முதல் பாடத்துக்கு இதைவிட நல்ல செல் எனக்குத் தெரியாது.

ப்ராஜெக்ட் செய்ய வரும் மாணவர்கள் பெரும்பாலும் "எத்தனை வோல்ட் கொடுக்கணும் மேடம்?" என்றுதான் ஆரம்பிப்பார்கள். வோல்ட் அப்புறம். செல் மிதக்கும் நீர்மத்தின் கடத்துதிறன் (அது மின்சாரத்தை எவ்வளவு எளிதாகக் கடத்தும் என்ற அளவு) எவ்வளவு என்று தெரியாமல் ஜெனரேட்டரைத் தொட வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. துகள் எந்தப் பக்கம் நகரும், நகருமா நகராதா, சேனல் சூடாகுமா, குமிழி வருமா என்பதில் பெரும்பகுதியை அந்த ஒரு எண் முடிவு செய்துவிடுகிறது.

எந்த விசை, ஏன்

டி.சி. மின்புலத்தில் மின்னூட்டம் உள்ள துகள் தன் மின்னூட்டத்துக்கு எதிரான முனையை நோக்கி நகர்வது எலக்ட்ரோஃபோரெசிஸ். டி.என்.ஏ.வை ஜெல்லில் ஓட்டுவது அதுதான். டி.இ.பி. வேறு. இதில் துகளுக்கு நிகர மின்னூட்டம் தேவையில்லை. மின்புலம் துகளை முனைவாக்கி ஒரு பக்கம் நேர், மறுபக்கம் எதிர் என்று ஓர் இருமுனையாக மாற்றுகிறது. புலம் எங்கும் ஒரே சீராக இருந்தால் இரண்டு பக்க இழுப்பும் சமமாகிவிடும், துகள் நகராது. புலம் ஒரு பக்கம் வலுவாகவும் மறுபக்கம் வலுவிழந்தும் இருந்தால்தான் நிகர விசை கிடைக்கும். அதனால்தான் கூர்மையான விளிம்புள்ள எலக்ட்ரோடுகள் வேண்டும். புலம் திசை மாறினால் இருமுனையும் கூடவே திசை மாறும் என்பதால் ஏ.சி. கொடுத்தாலும் விசை ஒரே பக்கம்தான் இருக்கும். இது பெரிய வசதி. டி.சி.யில் தண்ணீர் பிரிந்து குமிழி வரும், மெகாஹெர்ட்ஸ் ஏ.சி.யில் அந்தத் தொல்லை இல்லை.

எந்தப் பக்கம் நகரும் என்பது துகள், நீர்மம் இரண்டில் எது எளிதாக முனைவாகிறது என்பதைப் பொறுத்தது. துகள் என்றால் அது வலுவான புலத்தை நோக்கி, அதாவது எலக்ட்ரோடு விளிம்பை நோக்கிப் போகும். இது பாசிட்டிவ் டி.இ.பி. நீர்மம் என்றால் துகள் அங்கிருந்து ஒதுக்கப்படும். இது நெகட்டிவ். இந்த ஒப்பீட்டைச் சொல்லும் எண்ணுக்கு கிளாசியஸ்-மொசோட்டி காரணி என்று பெயர். கோள வடிவத் துகளுக்கு அதன் மெய்ப்பகுதி −0.5 முதல் +1 வரை மட்டுமே போகும். குறைந்த அதிர்வெண்ணில் கடத்துதிறன்கள் அதைத் தீர்மானிக்கும், உயர் அதிர்வெண்ணில் விடுதிறன்கள் (மின்புலத்தில் ஒரு பொருள் எவ்வளவு முனைவாகும் என்ற அளவு). இரண்டு முனையிலும் குறி வேறாக இருந்தால் நடுவில் ஓரிடத்தில் காரணி பூஜ்யமாகும். அந்த அதிர்வெண்ணில் துகள் புலத்தைக் கண்டுகொள்ளாது.

விசை துகளின் ஆரத்தின் மும்மடிக்கு ஏற்பக் கூடும். வோல்ட்டின் இருமடிக்கு ஏற்பக் கூடும். எலக்ட்ரோடு இடைவெளியின் மும்மடிக்கு ஏற்பக் குறையும். இந்த மூன்று வரிகளையும் நோட்டின் முதல் பக்கத்தில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். சிப் வடிவமைக்கும்போது திரும்பத் திரும்ப இதற்குத்தான் வருவீர்கள்.

நீர்மம்

முதலில் ஒரு கடத்துதிறன் மானி. 1413 மைக்ரோசீமன்ஸ்/செ.மீ. என்று எழுதியிருக்கும் பொட்டாசியம் குளோரைடு கரைசல் கடையில் கிடைக்கும். அதைக் கொண்டு மானியைச் சரிபார்த்துவிட்டுத் தொடங்குங்கள். ஒரு சொட்டிலேயே அளக்கும் சிறிய மானி இருந்தால் இன்னும் நல்லது. சிப்பில் இருந்து வெளியே வருவதையும் அதில் அளக்கலாம்.

சில எண்களைக் கையோடு வைத்திருந்தால் எங்கே நிற்கிறோம் என்று தெரியும். 18.2 மெகாஓம் என்று குறிக்கும் மிகத் தூய ஆய்வகத் தண்ணீர் சுத்திகரிப்பானில் இருந்து வரும்போது 0.055 மைக்ரோசீமன்ஸ்/செ.மீ. காற்றில் திறந்து வைத்தால் கார்பன் டை ஆக்சைடு கரைந்து ஒன்று வாக்கில் போய் நிற்கும். செல் வளர்ப்பவர்கள் பயன்படுத்தும் பி.பி.எஸ். என்ற உப்புப் பஃபர் சுமார் 16,000. நமக்கு வேண்டியது 50. பி.பி.எஸ்.ஸிலிருந்து அதற்கு வர முந்நூறு மடங்குக்கும் மேல் இறங்க வேண்டும்.

உப்பை எடுத்துவிட்டு வெறும் தண்ணீரில் செல்லைப் போட்டால் சவ்வூடு அழுத்தம் தாக்கும். ஈஸ்ட்டுக்குச் செல்சுவர் இருப்பதால் உடனே வெடிக்காது. ஆனாலும் அதை நம்பிப் பழக வேண்டாம், ஏனென்றால் நாளைக்கு இரத்த அணுவையோ புற்றுநோய் செல்லையோ எடுக்கும்போது அதே பழக்கம் காலை வாரிவிடும். மின்னோட்டத்துக்கு உதவாத, ஆனால் சவ்வூடு அழுத்தத்தைச் சமன் செய்யும் பொருள் வேண்டும். அதுதான் சர்க்கரை வகை. நான் மானிடால் பயன்படுத்துகிறேன்: 100 மில்லிலிட்டர் நல்ல தண்ணீரில் 5.1 கிராம், அதாவது 280 மில்லிமோலார். பாலூட்டிச் செல்களுக்கு 8.5 சதவீத சுக்ரோஸும் 0.3 சதவீத குளுக்கோஸும் கலந்த கரைசல் பலரும் பயன்படுத்துவது. இரண்டையும் 0.2 மைக்ரோமீட்டர் வடிகட்டியில் வடித்து, ஃபிரிட்ஜில் வையுங்கள். சர்க்கரைக் கரைசலில் பூஞ்சை சீக்கிரம் வரும்.

இனி ஈஸ்ட். பேக்கரிப் பொருள் விற்கும் கடையில் கிடைக்கும் உலர் ஈஸ்ட்டே போதும். ஆனால் இரண்டு விஷயம் கவனிக்க வேண்டும். இன்ஸ்டன்ட் உலர் ஈஸ்ட்டில் சார்பிட்டன் மோனோஸ்டியரேட் என்ற எமல்சிஃபையர் சேர்த்திருப்பார்கள். அது நுரைக்கும், செல்களை ஒன்றோடொன்று ஒட்டவைக்கும். இன்னொன்று, உலர்த்தும்போதே செல்களில் ஒரு பகுதி இறந்துவிடுகிறது. அதனால் "உயிருள்ள" மாதிரி என்று நீங்கள் நினைப்பது ஏற்கெனவே கலவைதான். முடிந்தால் ஒரு சிட்டிகையை ஈஸ்ட் சத்தும் சர்க்கரையும் கலந்த ஊடகத்தில் இரவு முழுக்க வளர்த்து எடுங்கள். முடியாவிட்டால் 35 டிகிரி வெதுவெதுப்பான தண்ணீரில் கொஞ்சம் சர்க்கரையுடன் அரை மணி நேரம் ஊறவிடுங்கள்.

அப்புறம் கழுவுதல். 3000 ஆர்.பி.எம்.மில் சில நிமிடம் சுற்றி, மேல் நீரை எடுத்துவிட்டு, மானிடால் ஊற்றிக் கலக்கி, மறுபடி சுற்றுங்கள். மூன்று நான்கு சுற்று தேவைப்படும். ஒவ்வொரு முறையும் மேல் நீரின் கடத்துதிறனை அளந்து எழுதுங்கள். எண் இறங்குவது நிற்கும்போது கழுவியது போதும். கடைசியில் 10 மைக்ரோசீமன்ஸுக்குக் கீழே வந்தால், மிக நீர்த்த பொட்டாசியம் குளோரைடு கரைசலைச் சொட்டுச் சொட்டாகச் சேர்த்து 50க்கு ஏற்றுங்கள். 1 மில்லிமோலார் பொட்டாசியம் குளோரைடு 147 மைக்ரோசீமன்ஸ் கொடுக்கும் என்று நினைவில் இருந்தால் கணக்கு சுலபம்.

இறந்த செல்லுக்கு: கழுவிய மாதிரியில் பாதியை எடுத்து 80 டிகிரி தண்ணீர்த் தொட்டியில் 20 நிமிடம் வையுங்கள். சூட்டில் சவ்வு ஓட்டையாகி, உள்ளே இருந்த பொட்டாசியமும் பிற அயனிகளும் வெளியே கொட்டிவிடும். இங்கேதான் நிறையப் பேர் தவறவிடுகிறார்கள். கொட்டிய அயனிகளோடு அப்படியே உயிருள்ள மாதிரியில் கலந்தால் கடத்துதிறன் எகிறிவிடும், இரண்டு வகையும் வேறு விதமாக நடந்துகொள்ளும். இறந்தவற்றைத் தனியாக மறுபடி கழுவி, அதையும் 50க்குக் கொண்டு வந்துவிட்டுத்தான் கலக்க வேண்டும்.

எது எது என்று கண்ணுக்குத் தெரிய மெத்திலீன் ப்ளூ. உயிருள்ள செல் சாயத்தை நிறமற்றதாக மாற்றிவிடும், இறந்தது நீலமாக நிற்கும். சாயமும் ஓர் உப்புதான். பாடப்புத்தகங்களில் வரும் செய்முறையில் சோடியம் சிட்ரேட்டும் சேர்ப்பார்கள், அது நமக்கு ஆகாது. 0.01 சதவீதம், வெறும் தண்ணீரில், ஐந்து நிமிடம். பிறகு இரண்டு முறை கழுவல். சாயம் ஏற்றிய மாதிரியை அதிக நேரம் வைத்திருந்தால் உயிருள்ளவையும் பாதிக்கப்படும் என்பதால், சாயம் போட்ட பிறகு மற்ற வேலை எதையும் இடையில் வைத்துக்கொள்ளாதீர்கள்.

கடைசியாக, சிப்பில் ஏற்றும் முன் ஒரு முறை அளவு. அரை மணி கழித்து மீதி இருப்பதில் இன்னொரு முறை. செல்கள் சும்மா நின்றாலும் கொஞ்சம் கொஞ்சமாக அயனி விடும். 50 என்று தொடங்கியது 80 ஆகியிருந்தால் அன்றைய முடிவுகளை அதற்கேற்பத்தான் படிக்க வேண்டும்.

பாலிஸ்டைரீன் மணிகளில் இதே கதை

தண்ணீர் ஏன் இவ்வளவு முக்கியம் என்பது மணிகளில் இன்னும் பச்சையாகத் தெரியும். பாலிஸ்டைரீன் மின்கடத்தாப் பொருள், விடுதிறன் 2.5 வாக்கில். தண்ணீருக்கு 78. அப்படியென்றால் எப்போதும் நெகட்டிவ்தான் என்று தோன்றும். ஆனால் மணியின் பரப்பில் அயனிகள் அடுக்காக உட்கார்ந்திருக்கின்றன, அந்த அடுக்கு வழியாக மின்னோட்டம் போகிறது. பரப்புக் கடத்தம் ஒரு நானோசீமன்ஸ் என்று வைத்தால், 1 மைக்ரோமீட்டர் விட்டமுள்ள மணியின் மொத்தக் கடத்துதிறன் 40 மைக்ரோசீமன்ஸ்/செ.மீ. ஆகிறது. 10 மைக்ரோமீட்டர் மணிக்கு வெறும் 4.

5 மைக்ரோசீமன்ஸ் தண்ணீரில் இரண்டையும் போடுங்கள். சின்ன மணி சுமார் 700 கிலோஹெர்ட்ஸ் வரை பாசிட்டிவ், அதற்கு மேல் நெகட்டிவ். பெரிய மணி எந்த அதிர்வெண்ணிலும் நெகட்டிவ். அதே பொருள், அதே தொழிற்சாலை, அதே மின்புலம், ஆனால் 100 கிலோஹெர்ட்ஸில் ஒன்று விளிம்புக்கு ஓடும், மற்றது விலகி ஓடும். தண்ணீரை 100 மைக்ரோசீமன்ஸ் ஆக்கிவிட்டால் இரண்டும் நெகட்டிவ். ஈஸ்ட் வேலைக்கு முன் இந்த மணிச் சோதனையைச் செய்து பார்ப்பது நல்ல பயிற்சி. உங்கள் சிப்பும் இணைப்பும் சரியாக இருக்கின்றனவா என்பதும் அதில் தெரிந்துவிடும்.

சிப்

சீப்பின் பற்களைப் போல் ஒன்றுக்குள் ஒன்று கோத்த எலக்ட்ரோடுகள்தான் தொடக்கத்துக்குச் சரி. ஒவ்வொரு பல்லையும் விரல் என்போம். விரல் அகலம் 50 மைக்ரோமீட்டர், இடைவெளி 50. கண்ணாடியில் முதலில் 10–20 நானோமீட்டர் டைட்டானியம், அதன்மேல் 100 நானோமீட்டர் தங்கம். டைட்டானியம் இல்லாமல் தங்கம் கண்ணாடியில் நிற்காது, உரிந்துவிடும். வேல்ஸில் பாங்கர் பல்கலைக்கழகத்தில் ரான் பெத்திக் குழுவினர் கோட்டை மதில் போல் ஏற்ற இறக்கமுள்ள விளிம்பு வைத்த எலக்ட்ரோடுகளைக் கொண்டு நிறையச் செய்தார்கள். அதில் பாசிட்டிவ் செல்களும் நெகட்டிவ் செல்களும் தனித்தனி இடத்தில் சேர்வது அழகாகத் தெரியும். இரண்டாவது சிப் அதுவாக இருக்கட்டும்.

க்ளீன்ரூம் (தூசி நீக்கிய தயாரிப்பு அறை) இல்லாத கல்லூரியில் இருப்பவர்கள் மனம் தளர வேண்டாம். பெங்களூரு இந்திய அறிவியல் கழகம், ஐ.ஐ.டி. பம்பாய் ஆகியவற்றின் நானோ வசதிகளை வெளியாட்கள் பயன்படுத்த ஐ.என்.யு.பி. என்ற அரசுத் திட்டம் வழி செய்திருக்கிறது. முன்மொழிவு எழுதி விண்ணப்பிக்கலாம். ஐ.டி.ஓ. என்ற, மின்சாரம் கடத்தும் ஒளி ஊடுருவும் ஆக்சைடு பூசிய கண்ணாடியை அமிலத்தில் அரித்தும் செய்யலாம். ஆனால் ஐ.டி.ஓ.வின் தடை ஒரு சதுரத்துக்கு 10 ஓம் என்றால், 50 மைக்ரோமீட்டர் அகலமும் 5 மில்லிமீட்டர் நீளமும் உள்ள விரல் நூறு சதுரம், அதாவது ஒரு கிலோஓம். மெகாஹெர்ட்ஸில் விரல் நுனிக்கு வோல்ட் போய்ச் சேராது. விரலைக் குட்டையாக வையுங்கள். சாதாரண பி.சி.பி. மின்சுற்றுப் பலகையில் 150 மைக்ரோமீட்டர் இடைவெளி வைத்தும் சிலர் செய்கிறார்கள். 50க்கு 150 மூன்று மடங்கு, விசை 27 மடங்கு குறையும். பெரிய துகளுக்கு ஓடும், ஈஸ்ட்டுக்குப் பொறுமை வேண்டும்.

சேனல் பி.டி.எம்.எஸ். என்ற சிலிக்கோன் ரப்பரில்: பிசினும் கெட்டியாக்கியும் பத்துக்கு ஒன்று கலவை, வெற்றிடத்தில் குமிழி எடுத்து, 65 டிகிரியில் நான்கு மணி நேரம். பிளாஸ்மாவில் வைத்துக் கண்ணாடியோடு ஒட்டுங்கள். அகலம் 500 மைக்ரோமீட்டர், உயரம் 50. உயரத்தைக் கூட்டாதீர்கள். இந்த வகை எலக்ட்ரோடில் விசை தரையில் இருந்து மேலே போகப் போக அடுக்குக்குறியாகச் சரியும். 50 மைக்ரோமீட்டர் மேலே போனால் இருபதில் ஒரு பங்குகூட இருக்காது. கூரையை ஒட்டி ஓடும் செல்லைத் தரையில் இருக்கும் எலக்ட்ரோடால் பிடிக்க முடியாது.

நுழைவாயிலுக்கும் எலக்ட்ரோடுக்கும் நடுவே ஒரு சென்டிமீட்டராவது விடுங்கள். ஈஸ்ட் தண்ணீரைவிடக் கொஞ்சம் கனம், நொடிக்கு ஒன்றிரண்டு மைக்ரோமீட்டர் கீழே இறங்கும். அந்த ஒரு சென்டிமீட்டரைக் கடக்க மெதுவான ஓட்டத்தில் அரை நிமிடம் ஆகும், அதற்குள் பெரும்பாலான செல்கள் தரைக்கு வந்திருக்கும். தரை அருகே ஓட்டமும் மெதுவாக இருக்கும். செலவில்லாமல் கிடைக்கும் உதவி இது.

கம்பி இணைப்பு

தங்கத் தகட்டில் நேரடியாக ஈயம் பற்றவைக்காதீர்கள். 100 நானோமீட்டர் தங்கம் உருகிய ஈயத்தில் கண்முன்னே கரைந்து காணாமல் போகும், வெறும் கண்ணாடி மிஞ்சும். வெள்ளி எபாக்ஸி வைத்து ஒட்டுங்கள், அல்லது ஸ்பிரிங் உள்ள போகோ பின்களை அழுத்தி வையுங்கள். நான் போகோ பின்தான் விரும்புவது. சிப் மாற்றுவது நொடியில் முடியும்.

ஜெனரேட்டரில் ஒரு பொறி இருக்கிறது. பல கருவிகள் தங்களுக்கு எதிரே 50 ஓம் சுமை இருப்பதாக நினைத்துக்கொண்டு வோல்ட்டைக் காட்டும். உங்கள் சிப் பல கிலோஓம். ஆகவே திரையில் 10 வோல்ட் என்று இருக்கும்போது சிப்பில் 20 வோல்ட் இருக்கும். மெனுவில் லோடு என்பதை ஹை-இசட் என்று மாற்றுங்கள். மாற்றிய பிறகும் திரையை நம்பாமல் ஆசிலாஸ்கோப்பின் புரோபை சிப்பின் பேடிலேயே (கம்பி தொடும் தங்கப் பரப்பு) வைத்து அளந்து பாருங்கள். புரோப் பத்து மடங்கு நிலையில் இருக்கட்டும், ஒரு மடங்கு நிலையில் சில மெகாஹெர்ட்ஸுக்கு மேல் அது தப்பாகக் காட்டும். புரோபின் தரைக் கிளிப்பை, ஜெனரேட்டரின் தரை போகும் அதே பேடில்தான் மாட்ட வேண்டும். மறுபக்கம் மாட்டினால் ஜெனரேட்டர் ஷார்ட் ஆகும், ஏனென்றால் இரண்டு கருவியின் தரையும் சுவரின் எர்த்தில் ஒன்றாக இருக்கின்றன.

ஜெனரேட்டரில் டி.சி. ஆஃப்செட் பூஜ்யம் என்று உறுதி செய்துகொண்டு, தொடராக ஒரு 0.1 மைக்ரோஃபாரட் கெபாசிட்டரும் போடுங்கள். மெகாஹெர்ட்ஸில் அது ஒன்றிரண்டு ஓம்தான், இருப்பதே தெரியாது. டி.சி. கசிவை மட்டும் தடுத்து உங்கள் தங்கத்தைக் காப்பாற்றும்.

சூட்டுக் கணக்கும் இங்கேயே. நீர்மத்தின் கடத்துதிறனை (சீமன்ஸ்/மீட்டர் அலகில், அதாவது 50 மைக்ரோசீமன்ஸ்/செ.மீ. என்றால் 0.005) வோல்ட்டின் ஆர்.எம்.எஸ். மதிப்பின் இருமடியால் பெருக்கி, தண்ணீரின் வெப்பக் கடத்துதிறனான 0.6ஆல் வகுத்தால் வெப்பநிலை உயர்வு தோராயமாகக் கிடைக்கும். 20 வோல்ட் பீக்-டு-பீக் என்றால் ஆர்.எம்.எஸ். 7. நம் 50 மைக்ரோசீமன்ஸ் கரைசலில் உயர்வு அரை டிகிரிக்கும் கீழே. அதே வோல்ட்டில் பி.பி.எஸ். என்றால் கணக்கு நூறு டிகிரியைத் தாண்டுகிறது, அதாவது கொதித்துவிடும். உப்பைக் கழுவி எடுத்ததன் பலன் இங்கே தெரிகிறது.

ஓட்டிப் பார்ப்பது

சேனலில் முதலில் எத்தனால், பிறகு தண்ணீர். எத்தனால் எளிதாக மூலைகளை நனைத்துக் காற்றை வெளியேற்றும். அடுத்து 0.1 சதவீத பி.எஸ்.ஏ. புரதக் கரைசலை நிரப்பிக் கால் மணி நேரம் விடுங்கள், செல்கள் தரையில் ஒட்டுவது குறையும். பிறகு மானிடாலால் நன்றாகக் கழுவுங்கள். பி.எஸ்.ஏ. கரைசலிலும் அயனி உண்டு. வெளியே வரும் சொட்டை அளந்து 50க்குப் பக்கத்தில் வந்ததும் செல்களை விடலாம். செல் கரைசல் லேசாகக் கலங்கி இருந்தால் போதும். அடர்த்தி கூடினால் ஒன்று மற்றொன்றின் புலத்தைக் கெடுக்கும்.

முதல் முறை ஓட்டமே வேண்டாம். பம்பை நிறுத்தி, குழாயின் நுனிகளை ஒரே உயரத்தில் வைத்து, செல்கள் அசையாமல் நிற்கும்வரை காத்திருங்கள். ஒரு மில்லிமீட்டர் உயர வித்தியாசம்கூட 10 பாஸ்கல் அழுத்தம் கொடுத்துச் செல்களை நகர்த்திக்கொண்டே இருக்கும். நின்றதும் 1 மெகாஹெர்ட்ஸ், சைன் அலை, 10 வோல்ட் பீக்-டு-பீக்.

அவுட்புட் போட்டதும் எலக்ட்ரோடு விளிம்புக்கு மிக அருகில் இருக்கும் செல்கள் முதலில் அசையும். மெதுவாகத் தொடங்கி, விளிம்பை நெருங்க நெருங்க வேகம் கூடி, சட்டென்று ஒட்டி நிற்கும். இடைவெளியின் நடுவில் இருப்பவை கொஞ்சம் தயங்கி, பக்கத்தில் இருக்கும் செல்லோடு சேர்ந்து வரிசையாகும். ஒட்டி நிற்கும் செல்லின் வெளிப்பக்க முனையிலும் புலம் வலுவாக இருப்பதால் அடுத்த செல் அங்கே வந்து ஒட்டும், அதன் முனையில் இன்னொன்று. கொஞ்ச நேரத்தில் ஒரு விரலில் இருந்து எதிர் விரலை நோக்கிச் செல்களின் சரம் நீளும். துறையில் இதை முத்துச்சரம் என்பார்கள். மொட்டு விட்டிருக்கும் ஈஸ்ட்டைத் தேடிப் பாருங்கள், அது புலத்தின் திசைக்கு இணையாகத் திரும்பி நிற்பது தனியாகத் தெரியும். அவுட்புட்டை அணைத்தால் சரம் தளர்ந்து, செல்கள் லேசாகத் துள்ளியபடி கலையும்.

சரி, இப்போது அதிர்வெண்ணை 1 கிலோஹெர்ட்ஸுக்கு இறக்குங்கள். செல்கள் விளிம்பை விட்டு எலக்ட்ரோடின் மேல் நடுவில் சுழன்று குவியும். இதை நெகட்டிவ் டி.இ.பி. என்று எழுதிவிட வேண்டாம். இது ஏ.சி. எலக்ட்ரோஆஸ்மோசிஸ்: எலக்ட்ரோடின் மேல் இருக்கும் அயனி அடுக்கைப் புலம் இழுக்க, நீர்மமே விளிம்பில் இருந்து நடுவுக்கு ஓடுகிறது, செல்கள் அதில் மிதந்து போகின்றன. எப்படிப் பிரித்தறிவது? நீலச் செல், நிறமற்ற செல், தூசி எல்லாம் ஒரே வேகத்தில் ஒரே பக்கம் போனால் நகர்வது நீர்மம். வகைக்கு வகை வித்தியாசம் இருந்தால் டி.இ.பி. குறைந்த கடத்துதிறனில் 100 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் போய்விட்டால் இந்தக் குழப்பம் பெரும்பாலும் தீரும்.

அடுத்து 5 மெகாஹெர்ட்ஸ். உயிருள்ள செல்லின் உள்ளே அயனி நிறைந்த சைட்டோபிளாசம், இந்த அதிர்வெண்ணில் புலம் சவ்வைத் தாண்டி அதை எட்டிவிடுகிறது. ஆகவே வலுவான பாசிட்டிவ். இறந்த செல்லின் உள்ளேயும் வெளியேயும் ஏறத்தாழ ஒரே திரவம்தான், அயனி வழியாகக் கிடைக்கும் அனுகூலம் போய்விட்டது. நீலச் செல்கள் மெதுவாக விலகும், அல்லது இருந்த இடத்திலேயே இருக்கும். 1 மெகாஹெர்ட்ஸில் இரண்டும் ஒட்டியிருக்கக்கூடும். ஆகவே 1 முதல் 10 வரை மெல்ல ஏற்றி, பிரிவு எங்கே நன்றாக விழுகிறது என்று பாருங்கள். அந்த எண் உங்கள் தண்ணீருக்கு உரியது. கடத்துதிறன் மாறினால் அதுவும் நகரும், நோட்டில் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதுங்கள்.

இனி ஓட்டம். 250 மைக்ரோலிட்டர் கண்ணாடி சிரிஞ்ச் எடுங்கள். பெரிய சிரிஞ்சில் மெதுவாகத் தள்ளினால் பம்பின் மோட்டார் ஒவ்வொரு படியாக நகர்வது சேனலில் துடிப்பாகத் தெரியும். நிமிடத்துக்கு 0.5 மைக்ரோலிட்டர் என்றால் நம் சேனலில் சராசரி வேகம் நொடிக்கு 330 மைக்ரோமீட்டர். தரையை ஒட்டிய செல்லுக்கு அது நூறு வாக்கில்தான் படும். விளிம்பருகே 20 வோல்ட்டில் செல்லை இழுக்கும் வேகம் முந்நூறு மைக்ரோமீட்டர் வரை போகும், எனவே பிடிக்கும். 10 வோல்ட்டில் அது கால் பங்கு, சில செல்கள் தப்பும். ஓட்டத்தைப் படிப்படியாகக் கூட்டி, பிடிபட்டவை எந்த இடத்தில் கழன்று ஓடுகின்றன என்று குறியுங்கள். உங்கள் சிப்பின் வலிமையைச் சொல்ல வோல்ட்டைவிட இந்த எண்தான் உதவும்.

ஒன்றும் நகரவில்லை என்றால்

முதலில் பேடில் அலை இருக்கிறதா என்று ஸ்கோப்பில் பாருங்கள். இருந்தால், அடுத்தது கடத்துதிறன். நான் பார்த்த பெரும்பாலான "நகரவில்லை" புகார்களுக்கு விடை கழுவாத செல்லிலோ சேனலில் மிஞ்சிய பி.எஸ்.ஏ.விலோ இருந்தது. செல்கள் நகர்ந்து அணைத்த பிறகும் ஒட்டியே இருந்தால் பூச்சு போதவில்லை. குமிழி வந்தால் அதிர்வெண் மிகக் குறைவு, அல்லது டி.சி. ஆஃப்செட். தங்க விளிம்பு பழுப்பாகத் தெரிந்தாலும் அதுதான் காரணம், குளோரைடு இருக்கும் நீர்மத்தில் தங்கம் அரிக்கும். முதல் கால் மணி நேரம் நன்றாகப் பிரிந்து பிறகு பிரிவு மங்கினால் செல்கள் அயனி விட்டுக் கடத்துதிறன் ஏறிவிட்டது. புது மாதிரி எடுங்கள். இவற்றில் எதற்குமே வோல்ட்டைக் கூட்டுவது தீர்வு இல்லை.

முடித்ததும் அவுட்புட்டை அணைத்து, ஓட்டத்தை நிமிடத்துக்கு 10 மைக்ரோலிட்டருக்கு ஏற்றி, பிடிபட்ட செல்களைத் தனிக் குழாயில் சேகரியுங்கள். முன்னால் வெளியேறியதையும் இதையும் தனித்தனியாக ஸ்லைடில் வைத்து நீலம் எத்தனை, நிறமற்றது எத்தனை என்று எண்ணுங்கள். பிறகு சேனலில் மானிடால் காய்வதற்குள் தண்ணீரால் கழுவி, எத்தனால் விட்டு, காற்றால் ஊதி உலர்த்திவிடுங்கள். காய்ந்த மானிடால் ஊசிப் படிகமாக எலக்ட்ரோடுகளுக்கு நடுவே நின்றுவிடும், அதை எடுக்க வெந்நீரும் நேரமும் போகும்.